வரிசையில் சம்பந்தி

ஜெயலெட்சுமி அந்தக் கட்டியை முதலில் கண்டது பங்குனி மாதத்தில், குளிக்கும்போது. இடது மார்பின் அக்குள் பக்கம், கச்சாங் என்கிற நிலக்கடலைக் கொட்டை அளவில், தொட்டால் நழுவாமல் நின்றது. வலி இல்லை. வலிக்காதது எப்படி நோயாகும் என்று அவளே ஒரு முடிவுக்கு வந்து, சேலையைக் கட்டிக்கொண்டு வேலைக்குப் போய்விட்டாள்.

வேலை என்றால் வீட்டு வாசலில் இறங்கினால் போதும். பினாங்கு ஆயர் ஈத்தாம் ஆற்றோரத்தில், துணி வெளுக்கிறவர்கள் குடியிருக்கிற டோபி காட் பகுதியில் அவர்கள் வீடு. பின்னால் சிமெண்டுத் தொட்டிகளும் துவைக்கிற கற்களும், அதற்கப்பால் கொடிகள். புருஷன் முனுசாமியும் அவன் தம்பி ஜெயராஜும் விடியும் முன்பே தொட்டியில் இறங்கிவிடுவார்கள். ஹோட்டல் படுக்கை விரிப்பு, சாப்பாட்டுக் கடை மேசைத் துணி, சலூன்காரர்களின் துண்டு என்று மூட்டை மூட்டையாக வரும். அடித்துத் துவைப்பது ஆண்கள். அலசிப் பிழிந்து, கஞ்சி போட்டு, கொடிக்குத் தூக்கிப் போவது ஜெயலெட்சுமி. நனைந்த விரிப்பு பிள்ளை பெற்றவள் இடுப்பையும் ஒடித்துவிடும். அவள் அதை இடது தோளில்தான் போட்டுக்கொள்வாள். வெயில் இருக்கும்போது கொடி நிறைந்துவிட வேண்டும். மலைப்பக்கம் கறுத்தால் ஒரே ஓட்டத்தில் அத்தனையையும் உருவிக்கொண்டு வர வேண்டும். அவளுக்கு நாற்பத்தாறு வயது. உடம்பைப் பற்றி யோசிக்க அவளுக்கு மழைநாள்தான் கிடைக்கும். மழைநாளில் ஈரத்துணி காயாத கவலை வந்துவிடும்.

யோசிக்காமல் இருந்ததற்கு இன்னொரு காரணமும் இருந்தது. மகள் தேவகிக்குச் சம்பந்தம் பேசிக்கொண்டிருந்தார்கள். தேவகி கொம்தார் கட்டடத்தில் ஒரு துணிக்கடையில் கணக்கெழுதுகிறாள். மாப்பிள்ளை வாசு பட்டர்வொர்த் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவன். வீடு, கடல் தாண்டி அந்தக் கரையில் புக்கிட் மெர்தாஜாம். வைகாசியில் நிச்சயம் ஆனது, ஆவணியில் கல்யாணம்.

வாசுவின் அம்மா குணவதிக்குத்தான் ஜெயலெட்சுமி பயந்தாள். குணவதி ஒரு பள்ளிக்கூடத்தில் கேன்டீன் எடுத்து நடத்துகிறவள். புருஷன் இல்லை. நூறு பிள்ளைகள் ஒரே நேரத்தில் கத்துகிற இடத்தில் பேசிப் பேசி அவள் குரலே கரண்டியால் அண்டாவைத் தட்டுவதுபோல ஆகியிருந்தது. நிச்சயத்துக்கு வந்தவள் வீட்டை ஒரு சுற்று சுற்றிப் பார்த்தாள், தொட்டித் தண்ணீரில் கைவிட்டுப் பார்த்தாள், உட்கார்ந்து கோப்பி குடிக்கும்போது, "ஒங்க வீட்ல யாருக்கும் பெரிய சீக்கு ஒண்ணும் இல்லீங்களே சம்பந்தி?" என்று எல்லோர் முன்னாலும் கேட்டாள்.

ஜெயலெட்சுமி இல்லை என்றாள். சொல்லும்போது இடது கை தானாக மார்புப் பக்கம் போனதை முந்தானையைச் சரிசெய்வதுபோல மாற்றிக்கொண்டாள்.

ஆடி பிறந்ததும் ஒருநாள் ஓரகத்தி புஷ்பவள்ளி ஒரு செய்தியோடு வந்தாள். ஜெயராஜின் மனைவி, அதே வீட்டின் மறுபாதியில் குடியிருக்கிறாள். பாயான் லெப்பாஸில் எலக்ட்ரானிக் ஃபேக்டரியில் பதினோரு வருஷம் வேலை செய்தவள். அந்த ஃபேக்டரி அந்த வருஷம் கதவைச் சாத்திக்கொண்டு வேறு நாட்டுக்குப் போய்விட்டது. வேலையோடு, தலைவலி என்றால்கூட ஓடிப்போய்க் காட்டிக்கொள்ள அவளுக்கு இருந்த கம்பெனி கிளினிக்கும் போய்விட்டது. டோபி காட்டில் மற்றவர்களுக்கு அப்படி ஒன்று இருந்ததே இல்லை என்பதால் அவள் துக்கம் யாருக்கும் சரியாகப் புரியவில்லை.

டத்தோ கெராமாட் ரோட்டுப் பக்கம் ஒரு மாதர் சங்கத்து மண்டபத்தில், கம்பெனி காப்புறுதி இல்லாத பெண்களுக்கு மார்புப் புற்றுநோய்ச் சோதனை இலவசமாகச் செய்கிறார்களாம், லேடி டாக்டராம், சந்தேகம் இருந்தால் படம் எடுக்கிற இடத்துக்கு அவர்களே வேனில் கூட்டிப் போவார்களாம். புஷ்பவள்ளி இதையெல்லாம் சொல்லிவிட்டு, தனியாகப் போகக் கூச்சமாக இருக்கிறது, அக்கா துணைக்கு வர வேண்டும் என்று கேட்டாள். அவளுக்கு ஒன்றும் இல்லை. ஃபேக்டரியில் வருஷா வருஷம் பார்த்துக்கொண்ட பழக்கம், விட மனசில்லை.

துணி காயவேண்டும் என்று ஜெயலெட்சுமி தட்டிக் கழிக்கப் பார்த்தாள். அந்த ஞாயிற்றுக்கிழமை காலையிலிருந்தே மழை தூறியது. காரணம் அதோடு போயிற்று.

மண்டபத்தில் பிளாஸ்டிக் நாற்காலிகள் வரிசையாகப் போட்டிருந்தார்கள். மூலையில் கயிறு கட்டிப் படுக்கை விரிப்பைத் தொங்கவிட்டு இரண்டு மறைப்பு. விரிப்பைப் பார்த்ததும் ஜெயலெட்சுமிக்கு இது நம் கை பட்டது இல்லை, கஞ்சி போதவில்லை என்று தோன்றியது. சீன மாதர்கள், மலாய்ப் பெண்கள், தமிழ்ப் பெண்கள் என்று எல்லோரும் கலந்து உட்கார்ந்திருந்தார்கள். ஒருவரையொருவர் பார்க்காமல் கையில் இருந்த மைலோ பானப் பொட்டலத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். ரோஹானா என்ற மலாய் நர்ஸ் பேர் கூப்பிட்டாள். தமிழ் நன்றாகவே வந்தது அவளுக்கு. ஜெயலெட்சுமியிடம் வந்து, அவளும் பார்த்துக்கொள்ளலாமே என்றாள். ஜெயலெட்சுமி வேண்டாம் என்று தலையாட்டினாள். புஷ்பவள்ளியின் பேர் வந்தது. பையை அக்கா மடியில் வைத்துவிட்டு உள்ளே போனாள்.

அப்போதுதான் முன்வரிசையிலிருந்து நர்ஸைக் கூப்பிடுகிற அந்தக் குரல் கேட்டது.

"ஏம்மா மிஸ்ஸி, உள்ள ஆம்பள டாக்டர் யாரும் இல்லதானே?"

அண்டாவைத் தட்டின சத்தம். முக்காடு போட்டதுபோலத் தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு, மழைக்குடையை மடியில் இறுக்கிப் பிடித்தபடி குணவதி உட்கார்ந்திருந்தாள்.

முதலில் ஜெயலெட்சுமிக்கு ஓடிவிடத்தான் தோன்றியது. எழுந்தாள். மடியில் இருந்த புஷ்பவள்ளியின் பை நழுவி, அதிலிருந்த சீப்பும் பவுடர் டப்பாவும் தரையில் உருண்டன. குணவதி திரும்பிப் பார்த்தாள். பார்த்ததும் அவள் கை தலைத்துண்டை இன்னும் கீழே இழுத்தது. ஆனால் நேரம் கடந்துவிட்டது.

இரண்டு பேரும் குனிந்து பவுடர் டப்பாவை எடுத்தார்கள். பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார்கள். பசியாறியாச்சா என்று ஒருத்தி கேட்டாள். ஆச்சு என்றாள் மற்றவள். மழையைப் பற்றி ஒரு வார்த்தை. ஓரகத்திக்குத் துணையாக வந்தேன் என்று ஜெயலெட்சுமி சொன்னாள். தெரிந்தவள் ஒருத்திக்குத் துணையாக வந்தேன் என்று குணவதியும் சொன்னாள். அந்தத் தெரிந்தவள் எங்கே என்று ஜெயலெட்சுமி கேட்கவில்லை. பக்கத்தில் யாரும் இல்லை என்பது தெரிந்தது.

பிறகு ரோஹானா வெளியே வந்து, "குணவதி அம்மா" என்று கூப்பிட்டாள்.

குணவதி எழவில்லை. குடையின் பிடியைத் திருகிக்கொண்டே இருந்தாள். அவள் பேசியபோது அந்தக் குரல் எங்கோ போயிருந்தது.

"எங்கக்கா இதுலதான் செத்துச்சு சம்பந்தி. கடைசி வரைக்கும் யார்கிட்டயும் சொல்லல. நாத்தம் வந்த பெறகுதான் எங்களுக்கே தெரியும். அதுலேருந்து எனக்குப் பயம். மெர்தாஜாம்ல காட்டுனா நாலு பேருக்குத் தெரிஞ்சுடும், பொண்ணு வீட்டுக்குச் சேதி போய்டும்னுதான் ஃபெர்ரி ஏறி இங்க வந்தேன். நிச்சயத்தன்னிக்கு ஒங்கள அப்படிக் கேட்டேன்ல? மறைச்சது நாங்கதான்."

ஜெயலெட்சுமி அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். இவ்வளவு நாள் இவளுக்கா பயந்தோம் என்று இருந்தது. சொல்ல வேண்டும் என்று அவள் நினைக்கவே இல்லை. வாய் தானாகத் திறந்துகொண்டது.

"எனக்கு இருக்கு சம்பந்தி."

"என்னாது?"

"கட்டி. பங்குனிலேருந்து இருக்கு. கல்யாணம் முடியட்டும்னு இருக்கேன்."

குணவதி குடையைக் கீழே வைத்தாள். துண்டைத் தலையிலிருந்து உருவித் தோளில் போட்டாள். ஜெயலெட்சுமியின் மணிக்கட்டைப் பிடித்து எழுப்பினாள். நர்ஸைப் பார்த்து, தன் நம்பரில் முதலில் இந்த அம்மாவைப் பார்க்கச் சொன்னாள். குரல் திரும்ப வந்துவிட்டிருந்தது. மண்டபம் முழுக்கக் கேட்டது.

உள்ளே டாக்டர் கனகேஸ்வரி இருந்தார். நரைத்த கொண்டை, ஒடிசலான உடம்பு, கண்ணாடி. யாழ்ப்பாணத்துக்காரர். கையைத் தேய்த்துச் சூடாக்கிக்கொண்டு, "பயப்படாதேங்கோ" என்று சொல்லிவிட்டுத் தொட்டார். அந்தக் கை எதையும் அவசரமாகச் செய்யவில்லை. கச்சாங் கொட்டை இருந்த இடத்துக்கு வந்ததும் நின்றது. சுற்றிலும் போய்விட்டுத் திரும்பி வந்தது. அக்குளிலும் பார்த்தது. எத்தனை நாளாய் என்று டாக்டர் கேட்டார். ஜெயலெட்சுமி சொன்னாள். டாக்டர் திட்டவில்லை. இன்றைக்கே படம் எடுக்க வேண்டும், ஊசி போட்டுக் கொஞ்சம் சதை எடுத்துப் பார்க்க வேண்டும், வேன் வெளியே நிற்கிறது என்று மட்டும் சொன்னார்.

குணவதிக்கு ஒன்றும் இல்லை என்று தெரிந்தது. புஷ்பவள்ளிக்கும் இல்லை. மூன்று பேருமாக வேனில் ஏறினார்கள். புஷ்பவள்ளிதான் வழி முழுக்க அழுதாள். அந்தப் படமெடுக்கிற மிஷின் மார்பைப் பலகையில் வைத்து அமுக்கியது ஜெயலெட்சுமிக்குத் துணி பிழிகிற உருளையைத்தான் ஞாபகப்படுத்தியது. அதை வெளியே வந்து சொன்னபோது குணவதிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள்.

முடிவு வந்தபோது அது கெட்ட கட்டிதான். ஆனால் சின்னது, பரவவில்லை. ஒரு பக்கத்தை எடுத்துவிட்டு மாத்திரை சாப்பிட்டால் போதும் என்றார் டாக்டர் கனகேஸ்வரி. பெரிய ஆஸ்பத்திரிக்கு அவரே எழுதிக் கொடுத்தார்.

முனுசாமியிடம் சொல்லுகிற வேலை ஜெயலெட்சுமிக்குத்தான். அவன் பிற்பகல் இஸ்திரியில் இருந்தான். மேசைத் துணியின் ஓரத்தை நீவி நீவித் தேய்த்துக்கொண்டிருந்தான். சொன்னதும் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தான். சுவிட்சை அணைத்தான். அவன் அதிகம் பேசுகிறவன் இல்லை.

"எப்போலேருந்து?"

"பங்குனி."

"பங்குனிலேருந்து ஈரத்துணி தூக்கிட்டிருக்க. நான் பக்கத்துலயேதான் நின்னுட்டிருக்கேன்."

அவ்வளவுதான் சொன்னான். மறுநாள் விடியலில் அவள் எழுந்து வந்தபோது, அவள் அலசுகிற தொட்டியில் அவன் நின்றுகொண்டிருந்தான். பிழிந்த விரிப்பைத் தன் தோளில் போட்டுக்கொண்டு கொடிக்குப் போனான். அவளை ஒரு வார்த்தை கேட்கவும் இல்லை, தூக்க விடவும் இல்லை.

சண்டை வந்தது கல்யாணத் தேதிக்காகத்தான். ஆவணியில் கல்யாணத்தை முடித்துவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போகிறேன் என்று ஜெயலெட்சுமி ஒற்றைக் காலில் நின்றாள். அழைப்பிதழ் அடித்தாயிற்று. தேதியைத் தள்ளினால் பெண்ணுக்கு என்ன குறை என்று ஊர் கேட்கும். தேவகி அம்மாவோடு இரண்டு நாள் பேசவில்லை. தன் கல்யாணத்துக்காக அம்மா இதை மறைத்தாள் என்பதுதான் அவளுக்குக் கோபம். மூன்றாம் நாள் கடைக்குப் போகாமல் நேரே பட்டர்வொர்த்துக்குப் போய், வேலை முடிந்து வந்த வாசுவிடம் ஆவணியில் கல்யாணம் வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்தாள். அவன் சரி என்று சொன்னானாம். அதை ஏன் இவ்வளவு தூரம் வந்து சொல்கிறாள் என்பதுதான் அவனுக்குப் புரியவில்லையாம்.

அடுத்த ஞாயிறு குணவதி வந்தாள். தைப்பூசம் கழித்து முகூர்த்தம் பார்த்தாயிற்று என்றாள். பஞ்சாங்கத்தில் ஏதோ தோஷம் என்று சொல்லிச் சமாளிக்கலாமா என்று ஜெயலெட்சுமி கேட்டாள்.

"நான் எல்லாருக்கும் சொல்லிட்டேன் லா."

"என்னா சொன்னீங்க?"

"உள்ளதச் சொன்னேன். சம்பந்திக்கு மார்ல கட்டி, ஆப்பரேசன், ஒடம்பு தேறுன பெறகுதான் கல்யாணம்னு. கேன்டீன்ல சொன்னேன், கோயில்ல சொன்னேன், பக்கத்து வீட்ல சொன்னேன்."

ஜெயலெட்சுமி தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டாள். முன்பின் தெரியாத ஊரில் எல்லோருக்கும் தன் மார்பைப் பற்றித் தெரிந்துவிட்டது என்று நினைக்கவே கூசியது. இனி அந்த ஊரில் எப்படித் தலைகாட்டுவது என்று கேட்டாள். குணவதி அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள்.

"எங்கக்கா யாருக்கும் தெரியாமத்தான் இருந்துச்சு சம்பந்தி. என்னா கண்டுச்சு?"

ஜெயலெட்சுமி எழுந்து அவளுக்குக் கோப்பி போடப் போனாள்.

ஆஸ்பத்திரியில் மூன்றாம் வகுப்பு வார்டு. ஜன்னல் பக்கத்துக் கட்டில் கிடைத்தது. கண்விழித்தபோது மார்பில் பாரமாகக் கட்டுப் போட்டிருந்தது. அதற்கடியில் ஒரு பக்கம் வெறுமையாக இருந்தது அவளுக்குத் தெரிந்தது. கொஞ்ச நேரம் அழுதாள். முனுசாமி கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றான். அன்றைக்கு நல்ல வெயில், துணியெல்லாம் காய்ந்துவிட்டது என்று சொன்னான். அவளுக்கு அது ஆறுதலாகத்தான் இருந்தது.

குணவதி கேன்டீன் முடித்து, ஃபெர்ரி ஏறி, பார்வை நேரத்துக்குச் சரியாக வந்துவிடுவாள். கையில் ஃபிளாஸ்க். புண் ஆற விரால் மீன் சூப் நல்லது என்று மெர்தாஜாம் பாசாரில் உயிர் மீனாகப் பார்த்து வாங்கி வைப்பாள். முதல் நாள் ஜெயலெட்சுமி மரியாதைக்குக் குடித்தாள். இரண்டாம் நாள் மிளகு போதவில்லை என்றாள். பிள்ளைகளுக்குச் சமைத்துச் சமைத்துத் தனக்கு மிளகு மறந்துவிட்டது என்று குணவதி ஒப்புக்கொண்டாள். அடுத்த நாள் வந்த சூப்பில் கண்ணில் தண்ணீர் வருகிற அளவுக்கு மிளகு. பக்கத்துக் கட்டில் சீனப் பாட்டிக்கும் ஒரு கிண்ணம் போயிற்று. அவளும் கண்ணைத் துடைத்துக்கொண்டே குடித்தாள்.

வீடு திரும்பிய பிறகு கை தோளுக்குமேல் எழவில்லை. ரோஹானா ஒருநாள் வீட்டுக்கே வந்து, விரலைச் சுவரில் பூச்சிபோல ஊர்ந்து ஏறவைக்கச் சொல்லிக்கொடுத்தாள். காலையில் ஆண்கள் துவைக்கும்போது ஜெயலெட்சுமி பின்கட்டுச் சுவர் முன்னால் நின்று விரலை ஏற்றுவாள். வலிக்கும்போது கொடியில் துணி போடுகிறவர்களை வைவாள். விளிம்பை இழுத்துப் போடாததால் ஹோட்டல் விரிப்பெல்லாம் கோணலாகக் காய்ந்தது. முனுசாமி பேசாமல் மறுபடி இழுத்துவிடுவான். புஷ்பவள்ளி வேறு வேலை தேடாமல் இதிலேயே இறங்கிவிட்டாள்; கஞ்சி போடுவதில் அவளுக்குக் கை வந்துவிட்டது. அவள்தான் பழைய மேசைத் துணியில் ஒரு சின்னப் பை தைத்து, பஞ்சும் பாரத்துக்குக் கொஞ்சம் கடுகும் வைத்து, ரவிக்கைக்குள் பொருத்திக் கொடுத்தாள். வெளியே பார்க்க வித்தியாசம் தெரியவில்லை. மழையில் நனைந்தால் முளைத்துவிடுமே என்று ஜெயலெட்சுமி கேட்டாள். ஆப்பரேசனுக்குப் பிறகு அவள் சொன்ன முதல் வேடிக்கைப் பேச்சு அது. புஷ்பவள்ளி அதைத் தெரு முழுக்கச் சொன்னாள்.

தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலை முருகன் கோயில் அடிவாரம்வரை நடந்துபோய்க் கும்பிட்டுவிட்டு வந்தார்கள். அடுத்த வாரம் கோயில் மண்டபத்தில் கல்யாணம். தை மாத வெயில் வாசல் பந்தலில் பளிச்சென்று அடித்தது. ஜெயலெட்சுமி அரக்குப் பட்டு கட்டியிருந்தாள். மாப்பிள்ளை வீட்டுப் பெண்கள் தன்னைப் பார்ப்பதை அவள் கவனித்தாள். எல்லோருக்கும் தெரியும், எந்தப் பக்கம் என்றுகூடத் தெரிந்திருக்கும். அவள் முந்தானையைச் சரிசெய்யாமலே நடந்து பழகினாள்.

பார்க்க மட்டும் செய்யவில்லை அவர்கள். சந்தனக் கிண்ணத்தை நீட்டும்போது ஒருத்தி அவள் காதருகே குனிந்து, வலிக்குமா அக்கா என்று கேட்டாள். பூக்கூடைப் பக்கம் இன்னொருத்தி, அந்தச் சங்கம் இந்த வருஷமும் செய்வார்களா என்று கேட்டாள். ஜெயலெட்சுமி பதில் சொல்லிக்கொண்டே வந்தாள்.

முகூர்த்தத்துக்குச் சற்று முன்னால், பெண் அலங்காரம் செய்த அறையில் குத்துவிளக்குத் திரி எடுக்கப் போனபோது, பின்னாலேயே ஒரு பெண் வந்து கதவை ஒருக்களித்தாள். முப்பத்தைந்து வயது இருக்கும். தலையில் முக்காடு, நீலப் பூப்போட்ட சேலை. குணவதி வீட்டுக்குப் பக்கத்து வீடு என்றாள். புருஷன் ரயில்வேயில் கூலிவேலை என்றாள். அப்புறம் பேச்சு நின்றுவிட்டது. அவள் கை மார்பின்மேல் இருந்தது.

"எந்தப் பக்கம்?" என்று ஜெயலெட்சுமி கேட்டாள்.

"வலது. அவருகிட்ட இன்னும் சொல்லலக்கா. வெட்டிட்டா எப்படி இருக்கும்னு நெனைச்சாலே..."

ஜெயலெட்சுமி கதவை முழுசாகச் சாத்தினாள். பட்டு ரவிக்கையின் ஊக்குகளைக் கழற்றினாள். கடுகுப் பையை எடுத்து மேசைமேல் வைத்தாள். அந்த இடத்தை முனுசாமியும் ஆஸ்பத்திரிக்காரர்களும் தவிர வேறு யாரும் பார்த்ததில்லை. அவளே கண்ணாடியில் முழுசாகப் பார்த்ததில்லை.

"பாத்துக்கம்மா. இவ்ளோதான்."

அந்தப் பெண் பார்த்தாள். மெதுவாக ஒரு விரலை நீட்டி, தொடலாமா என்று கண்ணால் கேட்டு, தழும்பின் ஓரத்தைத் தொட்டாள். அவள் மூச்சு வெளியே வந்தது.

வெளியே நாதஸ்வரம் வேகம் எடுத்தது. கதவை யாரோ தட்டினார்கள். அக்கா எங்கே, அக்கா எங்கே என்று புஷ்பவள்ளியின் குரல். ஜெயலெட்சுமி கடுகுப் பையை உள்ளே வைத்துக்கொள்ள, அந்தப் பெண்தான் ஊக்கு மாட்டிவிட்டாள். போங்கக்கா, நான் அப்புறமா வந்து பேசறேன் என்றாள். ஜெயலெட்சுமி அவள் கையைப் பிடித்துக்கொண்டே வெளியே வந்தாள். கூட்டத்தை விலக்கி மணவறைக்குப் பக்கத்தில் கொண்டுபோய்த் தன்னோடு நிறுத்திக்கொண்டாள். தட்டிலிருந்து எடுத்த அட்சதையில் பாதியை அவள் கையில் கொட்டினாள்.

கெட்டிமேளம் கொட்டியது. வாசு தாலி முடிந்தான். தேவகி தலையைக் குனிந்தபடியே கண்ணை மட்டும் உயர்த்தி அம்மாவைத் தேடினாள், கண்டுகொண்டாள். மஞ்சளரிசி நாலு பக்கமிருந்தும் பறந்தது. முனுசாமி முகத்தைத் துண்டால் துடைத்துக்கொண்டே இருந்தான். எதிர்ப்பக்கம் குணவதி ஊருக்கே கேட்கும்படி அழுதுகொண்டிருந்தாள்.

சத்தம் அடங்கியதும் ஜெயலெட்சுமி பக்கத்தில் நின்றவளிடம் திரும்பினாள்.

"ஒன் பேரு என்னாம்மா?"

"நூர்ஜான்."

"நூர்ஜான், திங்கக்கெழம காலையில ஃபெர்ரி எறங்குற எடத்துல நிப்பேன். வந்துடு, டாக்டரம்மாகிட்ட போவோம். வரலன்னா நான் அந்தக் கரைக்கே வந்துடுவேன். இப்ப பந்திக்கு வா, பாயசம் ஆறிடப்போவுது."

நூர்ஜான் அவளுக்கு அடுத்த இலையில் உட்கார்ந்தாள். முதலில் சோற்றைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள். சாம்பார் வந்து, கூட்டு வந்து, அப்பளம் வந்தபிறகு மெல்லச் சாப்பிட ஆரம்பித்தாள். பாயசம் பரிமாறுகிறவன் தாண்டிப் போனபோது அவளே கையை உயர்த்தி அவனைத் திரும்பக் கூப்பிட்டாள்.